வீரனுக்கு வலிக்காதா?



பெண்ணாடத்தில் வாழும் தாய் ஒருவர் எழுதிய மடல் சென்ற திங்கள் என் கைக்கு வந்து சேர்ந்தது. நான்கு பக்கங்கள். முதல் இரண்டு பக்கங்களைக் கரும்பு விலையும், வெள்ளாற்றின் வறட்சியும், மாமியாரின் முழங்கால் வலியும் எடுத்துக்கொண்டன. மூன்றாம் பக்கத்திலேதான் செய்தி தொடங்கிற்று. அவருக்கு மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மகன் பதினொன்றாம் வகுப்பில் பயில்கிறான். மகள் ஏழாம் வகுப்பு. வீட்டிலோ தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே ஒன்று. விடுமுறை நாள்களில் அப்பெட்டியின் முன்னே நிகழும் போரைத் தம்மால் தீர்த்துவைக்க இயலவில்லை என்று அவர் எழுதுகிறார்.

வழக்கு இதுதான். முகமூடி அணிந்து, மனித ஆற்றலுக்கு மிஞ்சிய வலிமையோடு தீயோரை ஒடுக்கும் வீரர்களின் படங்களை இருவருமே விரும்புகின்றனர். ஆனால், அத்தகைய படம் இருள் சூழ்ந்ததாகவும், உண்மை வாழ்வைப் போலவே கொடியதாகவும் இருத்தல் வேண்டும் என்பது மகனின் கட்சி. மற்றவை யாவும் சிறுபிள்ளை விளையாட்டாம். மகளோ, "அழுவதற்குத்தான் கணக்குப் பாடம் இருக்கிறதே, படம் எதற்கு?" என்று கேட்கிறாளாம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் சூளை வேலை பார்க்கும் தந்தை, இரவில் களைத்து வீடு திரும்பியதும் மகளின் பக்கத்திலே அமர்ந்து, அவள் பார்க்கும் வேடிக்கைப் படத்தை வாய்விட்டுச் சிரித்துப் பார்ப்பாராம். அந்நேரத்தில் மகன் எழுந்து வெளியே சென்றுவிடுகிறான். "முன்பெல்லாம் அவனும் அப்பாவோடு சேர்ந்து சிரித்தவன்தான். இப்போது அப்பா சிரிப்பதைக் கண்டால் அவன் முகத்தில் ஓர் ஏளனம் தெரிகிறது. எந்தப் படம் நல்லது என்று சொல்லுங்கள், நான் அதை மட்டும் போடுகிறேன்" என்று மடலை முடித்திருக்கிறார் அத்தாய்.

அவ்வூர் எனக்குப் புதிதன்று. என் பள்ளிப் பருவம் கழிந்தது அங்கேதான். மெய்கண்டார் பிறந்த மண் அது. மெய் எது, பொய் எது என்னும் ஆராய்ச்சி அவ்வூர்க் காற்றிலேயே கலந்திருக்கிறது போலும். பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் எது மெய்யான படம் என்று வழக்காடுவதில் வியப்பில்லை.

இவ்வழக்கு அமெரிக்க நாட்டிலே நெடுங்காலமாக நடைபெற்று வருவது. சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டிலும், வௌவால் வேடமிட்ட பேட்மேன் 1939ஆம் ஆண்டிலும் படக்கதை ஏடுகளில் தோன்றினர். படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் 1954இல் நூலெழுதவே, பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். 1966இல் தொலைக்காட்சியில் வந்த பேட்மேன் முழுக்க முழுக்கக் கேலிக்கூத்து. 1986இல் பிராங்க் மில்லர் வரைந்த படக்கதையில் அவனே முதுமையும் சினமும் கொண்ட இருண்ட மனிதனாக மாறினான். 1997இல் வெளிவந்த படம் மீண்டும் வண்ண விளக்கு வேடிக்கையாகி, மக்களால் எள்ளப்பட்டது. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் மறுபடியும் அவனை இருளுக்குள் அழைத்துச் சென்றார். 2022இல் வந்த படம் இருட்டிலும் மழையிலுமே பெரும்பாலும் நடந்து முடிந்தது. சூப்பர்மேனும் அவ்வாறே: 2013இல் சாம்பல் நிறம், 2025இல் மீண்டும் பளிச்சென்ற நிறம். ஊசற்பலகை போல இங்குமங்கும் ஆடிக்கொண்டேயிருக்கிறது. ஒரு பக்கத்தில் நின்றபாடில்லை. இருட்டு மிகும்போது மக்கள் வெளிச்சத்தைக் கேட்பதும், வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும்போது இருட்டைக் கேட்பதும் வணிகத்தின் இயல்பு. அதை வைத்துக்கொண்டு ஒரு தாய்க்கு விடை கூற இயலாது.

ஆனால் இவ்வழக்கில் எனக்கே பழங்கடன் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார ஏட்டில் 1962 முதல் வெளிவந்த கதை அது. ஓவியங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் அவன் உடலில் பாய்ந்துவிட்டால் உடல் முழுதும் மறைந்துபோகும்; இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அம்மனிதன் முதலில் கொள்ளைக்காரனாகவே இருந்து, பின்னரே நல்வழிக்கு வந்தான். அக்கதை எங்கள் தெருவுக்கு எப்படி வந்ததென்று நினைவில்லை. ஒரே பிரதிதான், அட்டை கிழிந்து, நூல் அறுந்து, பக்கங்கள் தனித்தனியாகப் பிரிந்த பிறகும் அது கைமாறிக்கொண்டே இருந்தது. மாயாவியைப் போல மின்கம்பத்தைத் தொட எண்ணி உதைபட்டவர்களும் எங்களிடையே உண்டு.

அத்தெருவில் ஆலைத் தொழிலாளி ஒருவர் குடியிருந்தார். இயந்திரத்தில் அகப்பட்டு அவருடைய வலக்கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டிருந்தது. கதையைப் படித்த மறுநாளே அவருக்கு 'மாயாவி அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டோம். பெயர் வைத்தவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் தெருவில் நடந்து வந்தால், "அண்ணே, கரண்டைத் தொடுங்கண்ணே, மறைஞ்சு காட்டுங்கண்ணே!" என்று கத்துவோம். அவரும் சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வார்?

ஒருநாள் மாலை அவர் என்னை அழைத்து, "தம்பி, அந்தப் புத்தகத்தை எனக்கும் ஒருநாள் கொடேன்" என்றார். திண்ணையில் அமர்ந்து, இடக்கையால் பக்கங்களைப் புரட்டி, இரண்டு மாலைகள் அதைப் படித்தார். திருப்பித் தருகையில் அவர் கேட்ட வினா இன்றும் என் செவியில் நிற்கிறது.

"ஏன் தம்பி, இவனுக்கு வலிக்கவே வலிக்காதா?"

எல்லாம் அறிந்தவனைப் போல நான் சொன்னேன்: "அது இரும்புக் கை அண்ணே. இரும்புக்கு எப்படி வலிக்கும்?"

"இரும்புக்கு வலிக்காது. போன கை வலிக்குமே" என்றார் அவர். இரவு நேரங்களில் இல்லாத அந்தக் கை இறுக மூடிக்கொள்வதாகவும், விரல்களை விரிக்க முடியாமல் நகங்கள் உள்ளங்கையில் குத்துவது போலிருப்பதாகவும் சொன்னார். நான் என்ன செய்தேன்? நண்பர்களிடம் ஓடினேன். "மாயாவி அண்ணனுக்கு இல்லாத கை வலிக்கிறதாம்!" என்றேன். ஒரு வாரம் அத்தெரு சிரித்தது.

இழந்த உறுப்பு இருப்பது போலவே தோன்றி வலிக்கும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்த தமிழராகிய வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் இதற்கு மிக எளிய வழியொன்றைக் கண்டார். பெட்டி ஒன்றின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நலமாக உள்ள கையை அதன் முன்னே வைத்து மூடித் திறக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் பிம்பம் இழந்த கையே மீண்டு வந்து விரல் விரிப்பது போலக் காட்ட, நோயாளிகள் சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது. இச்செய்தியை நான் நாற்பது வயதை நெருங்கும்போது படித்தேன். உடனே எனக்கு நினைவு வந்தது அந்தத் திண்ணை. அதற்குள் அவர் குடும்பத்தோடு வேற்றூர் சென்று பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

அன்று முதல், வீரர் படம் எதைப் பார்த்தாலும் அவருடைய வினாவையே நானும் கேட்டுப் பார்க்கிறேன். இப்படத்தில் யாருக்காவது வலிக்கிறதா? வலித்தால், அதைப் படம் எடுத்தவர் பொருட்படுத்துகிறாரா?

இவ்வினாவைக் கேட்கத் தொடங்கினால், இருட்டும் வெளிச்சமும் இடம் மாறிப்போவதைக் காணலாம். 2005இல் வெளிவந்த 'அந்நியன்' இருண்ட படம் என்பதில் ஐயமில்லை. இரயிலில் கெட்ட உணவு வழங்கிய ஒப்பந்தக்காரரைக் கொதிக்கும் எண்ணெயில் வீழ்த்துகிறான் அதன் நாயகன். அரங்கமோ கைதட்டுகிறது! கெட்ட உணவு கொடுத்தது குற்றமே. ஆயினும் எண்ணெயில் வெந்த ஒரு மனிதனைக் கண்டு நாம் கைதட்டிவிட்டு இடைவேளையில் முறுக்குத் தின்றோமெனில், அங்கே இருட்டு இருந்தது, வலி இல்லை. 2013இல் வந்த சூப்பர்மேன் படத்திலும் இதுவே நிகழ்ந்தது. வீரனும் பகைவனும் மோதிக்கொள்ள, வானளாவிய கட்டடங்கள் சரிந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே இருந்தவர்களைப் பற்றி எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பார்த்தவர்கள் குறை கூறினர். 2016இல் அடுத்த படம் எடுத்தபோது, அதே அழிவைத் தரையில் நின்று புழுதிக்குள் ஓடும் மனிதனின் கண்ணால் காட்டித் தொடங்கவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

மகனின் கட்சிக்கும் நியாயம் உண்டு. அவன் போற்றும் 'தி டார்க் நைட்' 2008இல் வந்தது. அதிலே நேர்மைக்குப் பெயர்பெற்ற அரசு வழக்குரைஞர் தாம் மணக்கவிருந்த பெண்ணை இழக்கிறார். முகத்தின் ஒரு பாதி எரிந்துபோகிறது. அத்துயரம் நல்லவரையே கொலைஞராக்குகிறது. இறுதியில் அவர் செய்த பழியை வீரன் தன்மேல் ஏற்றுக்கொண்டு நாய்கள் துரத்த ஓடுகிறான். அப்படத்தில் இழப்பு இழப்பாகவே இருக்கிறது. அதை விரும்பும் மகனைக் குறைகூற நான் துணியமாட்டேன். அவன் வயதில் நான் விரும்பியதைவிட அது எவ்வளவோ மேல்.

வெளிச்சத்தின் பக்கமும் இப்படியே. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ளன்' 1954இல் வந்தது. நாமக்கல் கவிஞரின் நாவல், எம்.ஜி.ஆர். நாயகன். பகலில் ஒரு வேடம், இரவில் ஒரு வேடம் என்று நம்மவர்கள் அன்றே காட்டிவிட்டனர். அங்கே அடிபட்டவன் துணியைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடுவான். அது விளையாட்டென்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் எல்லா விளையாட்டும் அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்' நல்லொழுக்கம் போதித்த தொடர்; இருட்டே இல்லை. ஆயினும், அவன் பறந்து வந்து காப்பான் என்று நம்பிச் சிறுவர் சிலர் தம்மைத் தாமே ஊறுபடுத்திக்கொண்டனர் எனச் செய்திகள் பரவின. அவற்றின் உண்மை குறித்து வாதங்கள் எழுந்தன என்றாலும், அந்நாயக நடிகர் முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி இவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூற நேர்ந்தது. யாருக்கும் வலிக்காத உலகத்தைப் பார்த்த பிள்ளை, தனக்கும் வலிக்காது என்று நம்பிவிட்டால் என் செய்வது?

இரு கட்சியாரும் ஒன்றாக அமர்ந்து பார்க்கத்தக்க படம் இல்லையா எனில், உண்டு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாளன்று வெளியான 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படம் அது. இயக்கியவர் பேசில் ஜோசப். தமிழிலும் பார்க்கலாம். அமெரிக்கா செல்லக் கனவு காணும் தையற்காரன் ஜெய்சனையும், தேநீர்க் கடையில் ஏவல் செய்யும் ஷிபு என்பவனையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே ஆற்றல் கிட்டுகிறது. ஜெய்சனின் பகுதி முழுதும் சிரிப்பு. தன் ஆற்றல் இன்னதென்று அறியாமல் அவன் படும் பாட்டைக் கண்டு மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஷிபுவின் பகுதியோ நெஞ்சைப் பிழிவது. ஊரார் பித்தன் என்று ஒதுக்கிய அவன், பல்லாண்டு காலமாக மனத்திலே சுமந்த ஒரு பெண்ணின் குழந்தைக்கு மருத்துவச் செலவுக்காகத் திருடுகிறான். அப்பெண் அவனோடு வாழ இசையும் அந்த ஒரு கணத்தில் அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று நம்மால் கூற இயலாது. பிறகு ஊரார் மூட்டும் தீயில் அவள் மாள்கிறாள்; அவன் கொடியவனாகிறான். வீரனுக்கும் வில்லனுக்கும் மின்னல் ஒன்றே. ஊர் காட்டிய முகந்தான் வேறு. படம் முடிந்த பிறகு எனக்கு ஜெய்சனைவிட ஷிபுவே நினைவில் நின்றான். தெருவே கூடிச் சிரித்த ஒருவரை முன்பே அறிந்திருந்தேன் அல்லவா?

அந்த ஷிபுவாக நடித்தவர் நம் மதுரைக்காரர், குரு சோமசுந்தரம். புரிசைத் தெருக்கூத்தில் உள்ளம் பறிகொடுத்த ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்றவர். இச்செய்தியை அறிந்தபோது எனக்குச் சில விளங்கின. ஏனெனில் எங்கள் தென்னார்க்காட்டு மக்களுக்கு இந்த இருட்டு-வெளிச்ச வழக்கு என்றுமே புரிந்ததில்லை. கர்ண மோட்சம் கூத்தை இரவு முழுதும் கண் விழித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து கர்ணன் வந்து நிற்பான். அமெரிக்க வீரர்களின் உடை அதன் முன்னே எம்மாத்திரம்! சாகப் போகிறோம் என்று அறிந்தே அவன் பொன்னுருவியிடம் விடைபெறுவான். அருகிலேயே கட்டியங்காரன் நின்றுகொண்டு, அரசனையும் கேலி செய்வான், கூட்டத்தையும் கேலி செய்வான். சிரித்த வாய் மூடுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். இது இருண்ட கூத்தா, வேடிக்கைக் கூத்தா என்று எந்தக் கிழவியும் கேட்டதில்லை. விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவரும் இதை நன்கு கற்றுக்கொண்டார் போலும்: தேம்பாவணி பாடிய அதே கை பரமார்த்த குருவின் கதையையும் எழுதிற்று.

தமிழிலே அண்மையில் இதை ஓரளவு சாதித்த படம் 2023ஆம் ஆண்டின் 'மாவீரன்'. இதற்கு முன்னர் 2012இல் மிஷ்கின் இயக்கிய 'முகமூடி' இருண்ட வழியில் முயன்று, எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. 'மாவீரன்' படத்தில் அதே மிஷ்கின் கொடிய அமைச்சராக நடித்திருப்பது ஒரு வேடிக்கை. மடோன் அஷ்வின் இயக்கிய அப்படத்தின் நாயகன், வீரக் கதையைப் படமாக வரைகிற கோழை. குடிசையிலிருந்து அவன் குடும்பம் புதிய அடுக்குமாடிக்கு மாற்றப்படுகிறது. சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்கிறது. 2021இல் சென்னைப் புளியந்தோப்பில் ஏழைகளுக்கென எழுப்பிய குடியிருப்பில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததும், பின்னர் ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வு செய்ததும் பார்த்தவர்களுக்கு நினைவு வராமல் இராது. படத்தில் யோகிபாபுவின் நகைச்சுவை அரங்கை அதிர வைக்கிறது. ஆனால் விழப்போகும் அக்கட்டடத்தினுள் இருப்போர் யார் யார் என்று நமக்குத் தெரியும். பிற்பகுதியில் சற்று இழுக்கிறது. அடிதடியும் வழக்கம்போல மிகுதி. இருப்பினும் நாயகனுக்கு அடி விழுந்தால் வலிக்கிறது. அவன் அஞ்சுகிறான். அது போதும்.

பெண்ணாடத்துத் தாய்க்கு இனி நேரே சொல்கிறேன், அம்மா. 2023இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்ட பின், 'யு/ஏ' சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுப்படி மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. படம் தொடங்குமுன் அவ்வெண்ணைப் பாருங்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி வீட்டில் இருக்கையில் பதினாறு என்று குறித்த படத்தை மகன் போடவேண்டாம். அதில் விட்டுக்கொடுத்தல் கூடாது. ஆனால் அவ்வெண் குருதியையும் வன்முறையையும் கொண்டு இடப்படுவது. நான் மேலே கேட்ட வினாவுக்கு அது விடை தராது. ஆகவே, ஒருவகைப் படத்தை மட்டும் போடுகிறேன் என்று நீங்கள் எழுதியதற்கு என் மனம் இசையவில்லை. ஒரு ஞாயிறு மகன் தேர்ந்த படம், அடுத்த ஞாயிறு மகள் தேர்ந்தது என்று வையுங்கள். முதல் ஞாயிறு 'மின்னல் முரளி' ஆகட்டும். அன்று எவருக்கும் எழுந்து வெளியே செல்ல உரிமையில்லை.

சூளை வாயிலில் நாள் முழுதும் நின்று வருகிறவரையும் அன்று நடுவிலே அமர்த்துங்கள். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துகிறார் என்று மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். படம் முடிந்தபின், தையற்காரன் தேநீர்க் கடைக்காரன் இருவரில் யாருக்கு அதிகம் வலித்தது என்று அவனே தந்தையைக் கேட்கட்டும். அவர் கூறும் விடையை எனக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழில் இப்பகுதியின் பாதியை அதற்கென ஒதுக்கி வைத்துள்ளேன்.